முதல்ல முகவரி

தையல்காரருக்கு எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் சொன்ன மாதிரி இருக்கும். பால் திரிந்துவிட்டது என்ற செய்தியைக்கூட, காலையில் எந்தப் பக்கம் திரும்பி எழுந்தேன் என்பதில் ஆரம்பித்துத்தான் கொண்டுவந்து சேர்ப்பார். கேட்பவர் கொட்டாவி விட்டால் இன்னும் கொஞ்சம் இழுப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவிக்கோ, அவசர உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுக்கிற வேலை. காதில் ஹெட்போன், எதிரே கணினி, நாள் முழுக்க ஒரே பல்லவி: முதலில் முகவரி, அப்புறம் என்ன நடந்தது, நான் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். பதறிப்போய்க் கூப்பிடுகிறவர்கள் ஊர்க்கதையெல்லாம் சொல்வார்கள், எங்கே இருக்கிறோம் என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். பாதியில் லைன் அறுந்தால் ஆம்புலன்ஸை எந்தத் தெருவுக்கு அனுப்புவது? நம் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரே என்று அவளுக்கு உள்ளூர ஒரு பயம். இருதயக் கோளாறு உள்ள அவளுடைய அப்பா இவர்களோடு வந்து தங்கிய பிறகு, அந்தப் பயம் இரண்டு மடங்கானது.

அதனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கணவருக்குப் பாடம் நடந்தது. கையில் கரண்டியோடு நின்று, வேலையிடத்தில் பேசுகிற அதே குரலில், "அவசர உதவி, முகவரி சொல்லுங்க ஐயா" என்பாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னைக்கு மத்தியானம் மாமா சாப்பிட்டு முடிச்சு..." என்று தொடங்குவார். அவள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அப்பாவுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

"மாப்பிள்ளை விஷயத்துக்கு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துருவேன்மா," என்பார்.

மாமாவின் கேலிக்காகவோ சோற்றுக்காகவோ, தையல்காரர் ஒருவழியாகத் தேறினார். கதவு எண், தெரு, இரண்டாவது மாடி, எதிரே சலவைக் கடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பாஸாகிவிட்டீர்கள் என்று அவள் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

தையல் கடைக்கு வார விடுமுறை வந்தது. மாமாவும் மாப்பிள்ளையும் வீட்டில் காலை நீட்டிப் படுக்கப்போவதாகச் சொல்ல, அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள். மதியம் ஓர் அழைப்பு வந்தது. வழக்கம்போல முகவரி கேட்டாள். மறுமுனையில் கதவு எண், தெரு, இரண்டாவது மாடி, எதிரே சலவைக் கடை எல்லாம் கடகடவென்று வந்தன. மாமா விழுந்துட்டார், கூப்பிட்டா எழுந்திருக்கல என்றது குரல். இத்தனை ஒழுங்காக அன்று யாருமே பேசவில்லை. பாதி முகவரியைத் தட்டிய பிறகுதான் அது தன் வீடு என்பது அவள் விரல்களுக்கு உறைத்தது.

"நீயா?" என்றார் அவர். அவருக்கும் குரல் தெரிந்துவிட்டது.

அழைப்பைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி மேற்பார்வையாளர் கை நீட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"லைன்லதான் இருக்கேன், ஐயா. மூச்சு விடுறாரா?"

விட்டு விட்டுக் குறட்டை மாதிரி வருகிறது என்றார். அது தூக்கத்துக் குறட்டை இல்லை, இருதயம் நின்றவர்களிடம் வருகிற சத்தம் என்று அவளுக்குத் தெரியும். வண்டிக்குத் தகவல் கொடுக்கக் கை போன அதே நொடியில், அவர் குரலுக்குப் பின்னால் இரும்பை அறுக்கிற ஒரு கிறீச் சத்தம் கேட்டது. தையல் கடைக்கு அடுத்த கடையில் சாவி செய்கிறவரின் மெஷின். அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவள் கடைக்குப் போன் செய்வதையே விட்டிருந்தாள்.

"ஐயா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"கடையில," என்றார், அழாத குறையாக. "ஒரு பேன்ட்டுக்கு மடிப்புத் தைக்க வேண்டியிருந்துச்சு, மாமாவும் கூட வர்றேன்னு..."

"போதும், ஐயா."

உருப்போட வைத்த வாத்தியாரம்மாவுக்கு இது வேண்டும்தான். வீட்டு முகவரியை அழித்துவிட்டுக் கடை முகவரியைப் போட்டு வண்டியை அனுப்பினாள். சாவிக்காரரைத் தெருமுனையில் நிற்கச் சொல்லுங்கள், போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வையுங்கள், இரண்டு கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து ஆழமாக, வேகமாக அழுத்துங்கள் என்றாள். மாமாவுக்கு வலிக்குமே என்றார் அவர். வலிக்கட்டும், ஐயா என்றாள். பிறகு எண்ணத் தொடங்கினாள். அவள் குரலுக்கு அவர் கை போயிற்று. எண்ணிக்கை எங்கும் தடுக்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே வந்து அவரை நகரச் சொல்வது காதில் விழுந்த பிறகுதான், போனை வைக்கலாம் என்று சொன்னாள். அதன் பிறகும் ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். மேற்பார்வையாளர்தான் கழற்றிவிட்டார்.

சில நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஊசி பிடிக்கிற கைதானே என்று மாப்பிள்ளையை லேசாக நினைத்துவிட்டேன், விலா எலும்பு இரண்டு போயிற்று என்று நர்ஸிடம் பெருமையாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் தையல்காரர் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். அவருக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது.

"அவ்வளவு நேரமும் யாரோ மாதிரி ஐயா, ஐயான்னே கூப்பிட்டியே. ஒரு தடவைகூட என்னங்கன்னு வரலையே உனக்கு?"

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"என்னங்கன்னு கூப்பிட்டிருந்தா அழுதிருப்பேன். அழுதா எப்படிங்க எண்ணுறது?"

எதற்கும் முதலிலிருந்து சொல்ல ஒரு கதை வைத்திருக்கும் அந்த மனிதருக்கு அன்று ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.