ஓகுதானிக் கணவாயின் ஏழு கற்கள்

பனி கரைந்ததும், குளிர்காலத்தில் விழுந்த மரங்களை அறுத்து வழியைத் திறப்பது ஒரியேயின் வேலை. வனக் கூட்டுறவில் முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அந்த மே மாதமும் மோட்டார் ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கணவாயில் ஏறினாள். வக்காசாக் கடற்கரையிலிருந்து கியோத்தோவுக்கு உப்புக் கானாங்கெளுத்தி போன பழைய பாதை அது.

மூன்றாவது வளைவில் திகைத்து நின்றாள். தேவதாரு மரத்தடியில் இருக்கவேண்டிய, வழிப்போக்கரைக் காக்கும் ஜிஸோ சாமியின் கற்சிலையைக் காணோம். ஈர மண்ணில் ஒரு குழிதான் இருந்தது. ஊற்றங்கரையிலும் குழி. உச்சி வரைக்கும் ஏழு குழிகள்.

அந்தக் காலத்தில் மீன்கூடை சுமந்துபோன பெண்கள் பனியில் விழுந்து செத்த இடங்கள் அவை. யார் எங்கே விழுந்தாளோ அங்கேயே அவளுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். தேவதாரு மரத்தடிக் கல் ஒரியேயின் குடும்பத்துப் பெண், நுயி. சாகும்போது வயது பத்தொன்பது.

ஒரியே இறங்கி வந்து பார்த்தால், கற்கள் கீழே நெடுஞ்சாலைச் சந்தையில் இருந்தன. கார் நிறுத்துமிடத்தின் ஓரம் சிமெண்டு மேடை கட்டி, ஏழையும் வரிசையாகப் பதித்து, புதுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். ‘இங்கே நின்று படம் எடுக்கலாம்’ என்று பலகை வேறு. அன்றுதான் திறப்பு நாள். நகராட்சிச் சுற்றுலாப் பிரிவின் தலைவன் குசாகாபே எல்லாரையும் குனிந்து வரவேற்றுக்கொண்டிருந்தான்.

“யாரு இதப் பேத்துட்டு வந்தது?”

“நாங்கதாம்மா. மேல கெடந்தா யாரு பாக்குறா? கரடி வேற அலையுது. இங்கன்னா வர்றவங்க கும்புடுறாங்க.”

“கும்புடுறாங்களா? அங்க பாருய்யா, செத்தவ தலையில ஐஸ்கிரீம வெச்சுப் படம் எடுக்குறாங்க!”

குசாகாபே அசடு வழிந்தான்.

“சரி, எது எந்த எடத்துலேருந்து எடுத்ததுன்னு எழுதி வெச்சிருக்கியா?”

“கான்டிராக்டர் பாத்துக்கிட்டாரு. எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு.”

ஒரியே வண்டிக்குப் போய்க் கடப்பாரையோடு திரும்பினாள். முதல் அடியிலேயே மேடையின் விளிம்பு தெறித்தது. படம் எடுத்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். மீன் பொரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தியும் அவளைத் தடுக்கவில்லை.

ஊர்ப் போலீஸ்காரன் இனுசுகா மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“அக்கா, கடப்பாரையக் கீழ போடு. இது நகராட்சி சொத்து.”

“சொத்தா? உங்க வீட்டுப் பொண்ணும் இதுல ஒருத்திதான்டா. எது அவ கல்லுன்னு காட்டு, போட்டுடறேன்.”

இனுசுகா ஏழு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். பிறகு குசாகாபே பக்கம் திரும்பினான். “எழுத்துல புகார் குடுத்தாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும். குடுக்குறீங்களா சார்?”

சுற்றி நின்ற பெண்களைப் பார்த்துவிட்டுக் குசாகாபே தலையாட்டி மறுத்தான்.

“புகார் வேணாம்னா வந்து சுமக்கட்டும்,” என்றாள் ஒரியே.

சுமைச்சட்டத்தில் ஒரு கல்லைக் கட்டி அவன் முதுகில் ஏற்றினாள். கோட்டும் பளபளக்கும் காலணியுமாகக் குசாகாபே கணவாய் ஏறினான். இரண்டாவது வளைவிலேயே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான்.

“முடியலம்மா.”

“இது இருவது கிலோகூட இல்ல. அவளுங்க தூக்குனது நாப்பது. அதுவும் பனியில. எந்திரி.”

இடது காது உடைந்திருந்ததால் நுயியைக் கண்டுபிடிக்க முடிந்தது. பாசி படிந்த பக்கத்தை வைத்து இன்னும் இரண்டுக்கு இடம் தெரிந்தது. அதற்கப்புறம் கோயில் பதிவேட்டைப் புரட்டி, வீடு வீடாகக் கேட்டு, ஜூன் முடிவதற்குள் மேலும் இரண்டை நட்டார்கள். மிஞ்சிய இரண்டும் யாருடையவை என்று எவருக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த குழிகள் இரண்டில் எது எவளுடையது என்று சொல்ல ஆளில்லை.

குத்துமதிப்பாகத்தான் நட்டார்கள். அன்று குசாகாபே சேற்றில் நெற்றி பட விழுந்து மன்னிப்புக் கேட்டான்.

ஒரியே அவனைத் தூக்கவில்லை. “எங்கிட்ட ஏன் கேக்குற? எடம் மாறி நிக்குறாளுங்களே, அவளுங்ககிட்டக் கேளு,” என்று சொல்லிவிட்டு, ரம்பத்தை முடுக்கி, வழியில் குறுக்கே கிடந்த மரத்தை அறுக்க ஆரம்பித்தாள்.