இரண்டு கடைக்கும் ஒரே சுவர்

லெமுவேல் கேடிஸின் பூக்கடையை இடித்து முடித்த மறுநாள் காலையில்தான் ஓசெல்லாவின் மீன் கடைக்குள் பூ வாசனை வந்தது.

எண்ணெய் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. கெளுத்தித் துண்டுகளைச் சோள மாவில் புரட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினாள். ஈரத் தண்டு வாசனை. அதற்குமேல் கிராம்பு மாதிரி லேசான காரம். கார்னேஷன். கல்லறைக்கும் தேவாலயத்துக்கும் போகிற பூ. பக்கத்துக் கடையின் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் வருமே, அதே வாசனைதான்.

"நடீன், உனக்கு ஏதாவது வாசனை வருதா?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த நடீன், ஓசெல்லாவின் காலமான கணவருடைய தங்கை, தலையைத் தூக்கவில்லை. "வருதே அண்ணி. மீனு, எண்ணெய், அப்புறம் நேத்து நீங்க கழுவாம விட்ட தொட்டி."

ஓசெல்லா வெளியே போய்ப் பார்த்தாள். மில்வாக்கியின் மார்ச் மாதக் காற்று முகத்தில் அறைந்தது. பூக்கடை இருந்த இடத்தில் கம்பி வேலிக்குள் உடைந்த செங்கல் குவியல். இரண்டு கடைக்கும் பொதுவாக இருந்த சுவர் மட்டும் அவளுடைய கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அதன் மறுபக்கத்தை அவள் வெயிலில் பார்ப்பது இதுதான் முதல்முறை. கீழே லெமுவேல் அடித்திருந்த பச்சைச் சாயம். நாள்காட்டி தொங்கிய இடத்தில் வெளிறிய சதுரம். மேலே அவர் குடியிருந்த அறையின் பூப்போட்ட சுவர்த்தாள், பாதி கிழிந்து காற்றில் படபடத்தது. மாடிப்படி ஏறிப்போன தடம் சாய்வாக ஏறி, ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. உடுப்பில்லாமல் ஒருவரைப் பார்த்துவிட்டதுபோல அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அவென்யூவில் ஒருவர் செத்தால் பூ லெமுவேல் கடையிலிருந்து போகும், சாப்பாடு ஓசெல்லா கடையிலிருந்து போகும். அதை யாரும் பேசி வைத்ததில்லை. செருப்புக் கடைக்காரர் போனபோதும் அப்படித்தான், மாடியில் பல் பிடுங்கிய டாக்டர் போனபோதும் அப்படித்தான், ஓசெல்லாவின் புருஷன் போனபோதும் அப்படித்தான். மலர்வளையத்தில் ரிப்பன் கட்டுமுன் லெமுவேல் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "யார் பேருக்கு?" என்று கேட்பார். அழுதுகொண்டு வந்தவர்கள்கூட அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

பிறகு அவென்யூ நடுவில் விரைவுப் பேருந்துக்குத் தனிப்பாதை வரப்போகிறது என்றார்கள். இரண்டு பக்கமும் புதுசாக்கப்போகிறோம் என்று மூலைக்கு மூலை படம் போட்ட பலகை நட்டார்கள். படத்தில் ஒல்லி மரங்கள், ஒல்லி மனிதர்கள், கையில் காப்பியும் நாயுமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

நடீன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நம்ம ஆளு ஒருத்தரக் காணோமே அண்ணி. இதுல கறுப்பா இருக்கறது அந்த நாய் ஒண்ணுதான்."

கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. சில விலைபோயின, சில வாடகை ஏறி மூடின, மேசை நாற்காலிக் கடை ஒரே ராத்திரியில் தீப்பிடித்துப் போனது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கடைக்காரர்கள் கூடிய கடைசிக் கூட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள் ஓசெல்லாவும் லெமுவேலும்தான். "நீ விக்காதவரைக்கும் நான் விக்கமாட்டேன்" என்று அவர் சொன்னார். அவளும் அதையே சொன்னாள். கை குலுக்கிக்கொண்டார்கள்.

அந்த இலையுதிர் காலத்திலேயே அவர் விற்றுவிட்டார். அதை அவளுக்குச் சொன்னது அவரில்லை, நிலம் வாங்கும் கம்பெனியின் ஆள் ஹாஸ்லட். மெதுவாகப் பேசுகிற, எப்போதும் கையில் காப்பி வைத்திருக்கிற மனிதன். "பக்கத்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுட்டாரு, உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

ஓசெல்லா எண்ணெய்க் கையோடு பூக்கடைக்குள் நுழைந்தாள்.

"எப்ப சொல்றதா இருந்தீங்க லெமுவேல்? இடிக்கிற வண்டி வந்து நின்ன பிறகா?"

அவர் தண்டு வெட்டிக்கொண்டிருந்த கத்தரியைக் கீழே வைத்தார். முகம் வற்றிப்போயிருந்தது. "உள்ள வா ஓசெல்லா. கதவச் சாத்து. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"கை குலுக்கின அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டீங்களே. இனிமே என்ன இருக்கு?"

"கொஞ்ச நேரம் உக்காரேன். நான் சொல்றத நம்பமாட்ட, ஆனா..."

"நம்பித்தானே இந்தக் கதி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. புறநகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனபோதும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். ஜனவரிப் பனியில் அவர் இறந்த செய்தி வந்தது. அவள் போகவில்லை. சாப்பாடும் அனுப்பவில்லை. அன்றைக்குக் கடையைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் மீன் பொரித்துக் கொடுத்தாள். நடீன் அன்று முழுக்க அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாசனை தினமும் வந்தது. எண்ணெய் கொதிக்கக் கொதிக்க அடங்கும் என்று பார்த்தால், மேலே மேலே ஏறியது. ரொட்டியில் ஏறியது, அவளுடைய தலைத்துணியில் ஏறியது. நடீனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. வயசாகிவிட்டது, மூளை எதையோ கிளறுகிறது என்று ஓசெல்லா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏப்ரலில் பக்கத்தில் அஸ்திவாரம் தோண்ட வந்த ஆட்களுக்குத் தலைவன் எஃப்ரேன் என்று ஒருவன். மதியம் தன் ஆட்களுக்குச் சாப்பாடு வாங்க வந்தவன், தலைக்கவசத்தைக் கழற்றிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அம்மா, இங்க பூவும் விக்கிறீங்களா?"

ஓசெல்லாவின் கையிலிருந்த இடுக்கி எண்ணெய்க்குள் விழுந்தது.

"ஏன் கேக்குற?"

"வாசனை வருதே. எங்க குழியிலயும் காலையில இதே வாசனைதான்." அவன் குரலைத் தணித்தான். "உங்க சுவரோரம் வேலை பாக்க என் ஆளுங்க மாட்டேங்கறாங்க. சிரிக்காதீங்க. அங்க ஒரு பெரியவர் குரல் கேக்குதாம். எனக்கும் ஒருதரம் கேட்டுச்சு. ரேடியோன்னு நெனச்சேன்."

"என்ன சொல்லுது?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. 'யார் பேருக்கு'ன்னு."

நடீன் கல்லாவை மூடினாள். ஓசெல்லா அடுப்பை அணைத்துவிட்டு, அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அவன் எப்படி அந்த வார்த்தையைச் சொல்ல முடியும்? லெமுவேலை அவன் கண்ணால் கண்டதில்லை.

அன்று சாயங்காலமே ஹாஸ்லட்டுக்குப் போன் செய்தாள். "திங்கக்கிழமை வாங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

"அண்ணி, பயந்துட்டீங்களா?" என்று நடீன் கேட்டாள். அவள் குரலில் கிண்டல் இல்லை.

"ஆமா" என்றாள் ஓசெல்லா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் லெமுவேலின் மகள் வெர்னீட்டாவைத் தேடிப் போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெளிவில்லை. மன்னிப்புக் கேட்கவா, நியாயம் கேட்கவா? கதவைத் திறந்த வெர்னீட்டா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"வாங்க அத்தை. வழி இப்பத்தான் தெரிஞ்சுதா?"

"தப்புத்தாம்மா."

"பூ சூப்பர் மார்க்கெட்ல வாங்கினோம். எங்க அப்பாவுக்கு! பிளாஸ்டிக் தாள் சுத்தினது. சாப்பாடு யாரோ பெட்டியில வாங்கிட்டு வந்த கோழி. ஜனங்க தட்டக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க."

ஓசெல்லா தலை குனிந்து நின்றாள். வெர்னீட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். காப்பி வந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"உங்கப்பா ஏம்மா வித்தாரு? என்கிட்ட என்னமோ சொல்ல வந்தாரு. நான் காது குடுக்கல."

வெர்னீட்டா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நீங்க சிரிப்பீங்கன்னு பயந்தாரு. கடைசியில எனக்குத்தான் சொன்னாரு. கடையில வாசல் மணி அடிக்குமாம். நிமிர்ந்து பாத்தா, செருப்புக் கடைக்காரர் நிக்கிறாராம். அதே கோட்டு. இன்னொரு நாளு பல் டாக்டர். அப்புறம் மேசைக் கடை அம்மா. எல்லாம் பட்டப்பகல்ல."

"எல்லாம் போய்ச் சேந்தவங்க."

"பூ வாங்க வரலியாம் அத்தை. வழி கேட்டு வந்தாங்களாம். 'என் கடை இங்கதானே இருந்துது, காணோமே, எங்க?'ன்னு. திரும்பி வந்து பாக்கறாங்க, தெருவே இல்ல. வெளிச்சம் இருக்கற கடை ரெண்டுதான். அதுல அப்பா கடைக்குப் போறாங்க. அப்பா என்ன சொல்லுவாரு பாவம்? வாய்க்கு வந்தது பழகின வார்த்தை. 'யார் பேருக்கு?'ன்னு கேப்பாராம். அவங்க பேரச் சொல்லுவாங்களாம். சொல்லிட்டு அங்கேயே நிப்பாங்களாம். நாளுக்கு நாள் கூட்டம் ஏறிக்கிட்டே போச்சுன்னாரு. தாங்க முடியல அவரால."

ஓசெல்லாவின் வாயிலிருந்து மெதுவாக வந்தது: "இப்ப அவரு வந்து நிக்கிறாரு."

வெர்னீட்டா திடுக்கிடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க நிப்பாரு அத்தை? நிக்க இடமில்லையே."

திங்கட்கிழமை ஹாஸ்லட் காகிதங்களோடு வந்தான். ஓசெல்லா கையைத் துணியில் துடைத்தபடி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"மனசு மாறிருச்சு தம்பி. மன்னிச்சுக்குங்க."

அவன் காப்பியை மேசையில் வைத்தான். "மிஸ் ஓசெல்லா, நீங்க இல்லன்னாலும் நாங்க கட்டத்தான் போறோம். மூணு பக்கமும் சுவர் வந்துரும். வெளிச்சம் போயிரும். அதுக்குப் பதிலா புதுக் கட்டடத்துல கீழ்த்தளத்துலயே உங்களுக்கு இடம் தர்றோம். இதவிட நல்ல இடம். உங்க வாடிக்கைக்காரங்க ரெண்டடி தள்ளி வரப்போறாங்க, அவ்வளவுதானே?"

"சில பேருக்கு இந்த வாசல் ஒண்ணுதான் தெரியும். மாத்தினா தவிச்சுப் போயிருவாங்க."

"வயசானவங்களா?"

"வயசு ஏறாது அவங்களுக்கு."

ஹாஸ்லட் நடீனைப் பார்த்தான். நடீன் தோளைக் குலுக்கினாள். "எங்க அண்ணி ஒரு முடிவு எடுத்தா எங்க அண்ணனாலயே மாத்த முடிஞ்சதில்ல. காப்பி ஆறுது, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க."

அந்த வெள்ளிக்கிழமை ஓசெல்லா சாவுச் சாப்பாடு சமைத்தாள். கெளுத்தி, ஸ்பகெட்டி, முட்டைக்கோஸ், வெள்ளை ரொட்டி, எல்லாம் முறைப்படி. வெர்னீட்டாவும் அவள் பிள்ளைகளும் வந்தார்கள், தேவாலயத்திலிருந்து பழைய ஆட்கள் வந்தார்கள். குழியில் வேலை செய்தவர்களுக்கும் தட்டுப் போட்டாள். வந்தவர்கள் சத்தமாகச் சாப்பிட்டார்கள், லெமுவேல் ஒருமுறை கல்யாணப் பூவளையத்தில் சாவு ரிப்பனைக் கட்டி அனுப்பிய கதையைச் சொல்லிச் சிரித்தார்கள், வெர்னீட்டா அழுதாள். பிறகு ஓசெல்லா ஒரு தட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள். எஃப்ரேன் அவள் தலையில் ஒரு கவசத்தை வைத்து உள்ளே கூட்டிப் போனான். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

நடுப்பகல் வெயில். பச்சைச் சாயம் செதில் செதிலாக உரிந்திருந்தது. அவள் தட்டைச் செங்கல் மேல் வைத்தாள். எண்ணெய் மணத்தை மூடிக்கொண்டு ஈரத் தண்டு வாசனை எழுந்தது.

"யார் பேருக்கு?"

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. பழைய குரல்தான், கொஞ்சம் களைத்த குரல். ஓசெல்லா சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"உங்க பேருக்குத்தான்" என்றாள். "லெமுவேல் கேடிஸ் பேருக்கு. நான்தான் லேட்டா கொண்டாந்தேன். கோவிச்சுக்காதீங்க."

மேலே கிழிந்த சுவர்த்தாள் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் நெடுநேரம் நின்றாள். திரும்பியபோது எஃப்ரேன் கவசத்தை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு குழியில் யாருக்கும் குரல் கேட்கவில்லை. கோடைக்குள் புதுக் கட்டடத்தின் கான்கிரீட் எழும்பி அந்தச் சுவரை மூடியது. ஹாஸ்லட் சொன்னபடியே வெளிச்சம் போனது. பகலிலும் விளக்கு எரிய வேண்டியிருந்தது. ஐந்து மாடிக் கட்டடத்தின் இடுக்கில் அவளுடைய கடை, பல்வரிசையில் ஒரு பழைய பல் மாதிரி உட்கார்ந்திருந்தது. எண்ணெய்ப் புகை மேலே வருகிறது என்று புதுக் குடித்தனக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். அவர்களிலேயே சிலர் வெள்ளிக்கிழமைகளில் இறங்கி வந்து வாங்கினார்கள், காரம் வேண்டாம் என்று சொல்லி.

டிசம்பரில் ஒரு மதியம், பனி பெய்து கடைக்குள் அரையிருட்டாக இருந்தது. மேல் வீட்டு இளைஞன் ஒருவன் நாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. நடீன் செய்தித்தாளில் கட்டம் நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மீன் தட்டு" என்றான்.

ஓசெல்லா அவனைப் பார்க்கவில்லை. அவனுக்கு முன்னால், கல்லாவுக்கு எதிரே, காலியாக இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. உங்களுக்கு முன்னால ஆளுங்க நிக்கிறாங்க." பிறகு அந்தக் காலியிடத்தைப் பார்த்து, மிக மரியாதையாக, "சொல்லுங்கய்யா. உங்களுக்கு என்ன வேணும்? வெளிய குளிரு, அவசரமில்ல, நின்னு நிதானமா சொல்லுங்க" என்றாள்.

இளைஞன் நடீனைப் பார்த்தான். நடீன் பென்சிலை வைத்துவிட்டு, தோளில் கிடந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவன் சிரிக்க வாயெடுத்தான். ஆனால் நாய் உறுமாமல், குரைக்காமல், காதைத் தாழ்த்திக்கொண்டு அவன் காலோடு ஒட்டி நின்றது. அவன் மெதுவாகக் கயிற்றைச் சுருட்டி, நாயை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்து, வழி விட்டு ஒதுங்கி நின்றான்.