கழிமுகத்து மட்டி

மைசூர் மண்டி மொஹல்லாவில் பிளைவுட் கடைக்கு மேல்மாடியில் இருந்த சுற்றுச்சூழல் ஆய்வகத்தில், கடல் உயிரினங்களை வகை பிரிப்பது ஷெர்லியின் வேலை. அரபிக்கடலில் ஓர் எண்ணெய் நிறுவனம் சோதனைக் கிணறு தோண்டவிருந்தது. அதற்கு முன் அங்கே கடலடியில் என்னென்ன வாழ்கின்றன என்று அறிக்கை தரவேண்டும். படகில் போய் மண் அள்ளி வந்தவன், உடன் வேலை செய்த ஹ்ருஷிகேஷ்.

முதல் ஜாடியைச் சலித்தபோதே அவளுக்கு உறுத்தியது. சல்லடையில் சின்னஞ்சிறு மட்டிகள் தங்கின. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகத்தில் மட்டுமே வாழ்கிற வகை. செத்த ஓடுகள் அலையில் அடித்து வந்திருக்கலாம் என்று நினைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். உள்ளே சதை இளஞ்சிவப்பாக இருந்தது. மண்ணை அள்ளியதும் ஜாடியில் ஊற்றும் சாயத்தின் நிறம் அது; அப்போது உயிரோடு இருந்தால்தான் சதையில் ஏறும். மற்ற ஜாடிகளிலும் அதே மட்டி.

ஆய்வகத்தின் உரிமையாளர் அச்யுத்திடம் சொன்னாள். அவர் ஜாடியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"மட்டின்னு மட்டும் எழுதுங்க. எந்த வகைன்னு பேடா, வேண்டாம்."

அவர் ஆச்சரியப்படாததுதான் அவளைப் பயமுறுத்தியது. அதன்பிறகு ஜாடிகள் இருந்த அறையைப் பூட்டிவிட்டே சாப்பிடப் போனாள்.

டீக்கடையில் ஹ்ருஷிகேஷிடம் கேட்டாள். "அந்த மண்ணை எங்க அள்ளின?"

"கடல்ல தான், மேடம்."

"ஆழ்கடல்ல கழிமுகத்து மட்டி எப்படிப்பா வாழும்?"

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "கடல் ரொம்ப மோசமா இருந்தது. படகுக்காரர் பாதியிலேயே திருப்பிட்டார். போன் பண்ணினேன். ஜாடி காலியா வரக்கூடாதுன்னு சார் சொல்லிட்டார். ஆத்து முகத்துல அள்ளினேன்."

அன்றே அச்யுத்தின் அறைக்குப் போனாள். "நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார். நானே போய் அள்ளிட்டு வரேன்."

"சரி, போங்க," என்றார் அவர்.

இவ்வளவு சுலபமாக ஏன் ஒத்துக்கொண்டார்? மங்களூர் பஸ்ஸில் வழி முழுக்க அதையே யோசித்தாள். படகிலும் நிம்மதி இல்லை; படகுக்காரரிடமும் ஏதாவது சொல்லி வைத்திருப்பாரோ? படகுக்காரர் இடம் வந்துவிட்டது என்றபோது, தன் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து, "இன்னும் போகணும்," என்றாள். குமட்டலோடு படகின் விளிம்பில் சாய்ந்தபடியே அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மண் அள்ளும் இரும்புத் தாடை மேலே வந்து திறந்தது. சாம்பல் நிறச் சேற்றுக்குள் மஞ்சளாகக் கடற்பஞ்சு, கொத்துக் கொத்தாய்க் குழாய்ப் புழுக்கள். அடுத்தடுத்த இடங்களிலும் அப்படியே. வெறும் சேற்றுத் தரை என்று நிறுவனம் சொல்லியிருந்த இடம் அது. கிழிந்துவந்த கடற்பஞ்சைத் தொட்டபோது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

கிணற்றை அங்கிருந்து தள்ளி வேறிடத்தில் தோண்டவேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அச்யுத் எதையும் மாற்றிவிடக்கூடாது என்று, அவர் எதிரிலேயே உட்கார்ந்து அதை நிறுவனத்துக்கு அனுப்பவைத்தாள். நிறுவனம் மிச்ச வேலையை வேறோர் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டது.

மழைக்காலம் போனபின் அச்யுத் அவள் மேஜைக்கு வந்தார். "கிணத்தை வேற இடத்துக்கு மாத்திட்டாங்களாம். சந்தோஷந்தானே?"

"எவ்வளவு தள்ளி சார்?"

"அதைக் கேக்கல."

"யார் போய்ப் பாத்தாங்க?"

"அவங்களே சொன்னாங்க, ஷெர்லி. சும்னே, சும்மா எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எப்படி?"

அவர் போனதும் ஹ்ருஷிகேஷைக் கூப்பிட்டாள். "அந்தப் படகுக்காரர் மறுபடி அங்க கூட்டிட்டுப் போவாரா, கேட்டுச் சொல்லு."

"போன வாரமே கேட்டுட்டேன் மேடம்," என்றான் அவன். "கிணறு தோண்டற வேலை ஆரம்பிச்சாச்சாம். அந்தப் பக்கம் எந்தப் படகையும் கிட்ட விடறதில்லையாம்."