நாவல்பழமும் கேக்குப் பெட்டியும்

பங்கஜவல்லியின் கேக்குப் பெட்டி அன்று சாயங்காலப் பஸ்ஸில் அம்பகரத்தூர் போவதாக இருந்தது. அவளுடைய நாத்தனார் விசாலாட்சி மூன்று மணிக்கு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் பங்கஜவல்லியின் கணவர் தெட்சிணாமூர்த்தி. மின்சார இலாகாவில் கிளார்க். ஆபீசில் ஒரு ஸ்டூலை நகர்த்துவதென்றாலும் மேலதிகாரியைக் கேட்பவர், வீட்டில் மட்டும் யாரையும் எதையும் கேட்பதில்லை.

"சும்மாதானே கெடக்கு? இந்த வருசப் பொங்கச் சீரா அதையே குடுத்துடுறேன்னு தங்கச்சிக்குக் கடுதாசி போட்டுட்டேன்" என்று போன வாரம் சாப்பிடும்போது சொன்னார். ரசத்துக்கும் மோருக்கும் நடுவே வந்த செய்தி. பங்கஜவல்லி மோரை ஊற்றினாள். வேறொன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவள் அப்படித்தான். வாயைத் திறந்தால் சண்டையாகிவிடுமோ என்று பயம்.

பெட்டி அவளுடைய அண்ணன் பூமிநாதன் எண்பத்து மூன்றில் பாரீசிலிருந்து லீவில் வந்தபோது கொண்டுவந்தது. கரண்டில் கேக் சுடும் வட்டமான அலுமினியப் பெட்டி, மூடியின் நடுவில் கண்ணாடி. அந்த ஊர் ப்ளக் நம்மூர்ச் சுவரில் நுழைய மாட்டேன் என்றது. தெட்சிணாமூர்த்திதான் வேறு ப்ளக் மாட்டிக் கொடுத்தார். அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

சும்மா கிடக்கிறது என்றதும் பொய்யில்லை. முதல் கேக் வறட்டி மாதிரித் தட்டையாக வந்தது. இரண்டாவது வெளியே கரி, உள்ளே கூழ். மூன்றாவதைத் தெட்சிணாமூர்த்தி விரலால் தட்டிப் பார்த்து, "கொல்லைச் சுவத்துல ஒரு கல்லு பேந்துருக்கு, அளவு சரியா இருக்கும்" என்றார். அன்றிலிருந்து பெட்டிக்குள் அப்பளக்கட்டு குடியேறியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாராவது கேலி பேசிவிடுவார்களே என்று அவள் பெட்டியைக் குறை சொன்னதும் கிடையாது. ஆனால் மத்தியானத்தில் வேலை ஓய்ந்ததும் அதைத் துடைத்து வைப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று வந்த ஒரே சாமான் அது.

ஆகவே ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். விசாலாட்சி வரும் நாளிலேயே அதில் ஒரு நல்ல பண்டம் செய்து எல்லார் தட்டிலும் வைத்துவிட வேண்டும். அப்புறம் எவர் வாயிலிருந்து 'சும்மா கிடக்கு' என்று வரும்?

வழி சொன்னவள் பக்கத்து வீட்டு அஜீசுன்னிசா. அவள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவரோடு மூன்று வருஷம் அந்த தேசத்தில் குப்பை கொட்டிவிட்டு வந்தவள்.

"கேக்கோட ஏன் புள்ள மல்லுக்கு நிக்கிறே? கேக்குன்னா எழும்பணும், நெஞ்சு படபடன்னு பாத்துக்கிட்டே நிக்கணும். இதுக்கு ஒண்ணும் வேணாம். பழத்தக் கீழ கொட்டு, சீனியப் போடு, மாவப் பெசஞ்சு மேல பிச்சிப் பிச்சிப் போடு, மூடு. அவ்வளவுதான். அங்க உள்ள பொம்பளைங்க பேச்சோட பேச்சா செஞ்சு எறக்கிடுவாளுங்க."

"அதுக்குப் பேரு என்னக்கா?"

"பேரு எனக்கு வாயில வராது. திங்க வரும்."

மார்கழியில் பழத்துக்கு எங்கே போவது? அஜீசுன்னிசா வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. ஆடி மாதம் நெடுங்காட்டிலிருந்து பங்கஜவல்லியின் அப்பா ஒரு கூடை நாவல்பழம் அனுப்பியிருந்தார். இரண்டு வீடும் நாக்கு ஊதாவாகும்வரை தின்று, மீந்ததைப் பங்கஜவல்லி கொட்டை நீக்கித் தூக்குச்சட்டியில் போட்டு அங்கே ஐஸ் அறையில் வைத்துவிட்டாள். ஐந்து மாதத்தில் பழம் கல்லாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கல்லைக் கரண்டிக் காம்பால் உடைத்து, வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டினாள். நாலு கரண்டி சீனி, சாறு கெட்டிப்பட ஒரு கரண்டி மைதா. இன்னொரு பாத்திரத்தில் மைதா, வெண்ணெய், சீனி, சிட்டிகை சோடா. கொஞ்சம் பால் விட்டு உருட்டாமல் பிசிறி, பழத்தின்மேல் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். ருசி பார்க்கவில்லை. சமைக்கும்போது வாயில் வைப்பது எச்சில் என்று வளர்ந்தவள். சாம்பாருக்கு உப்பு காணுமா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவாள். உறைந்த பழத்துக்கு ஏது வாசனை?

கால் மணி நேரத்தில் கண்ணாடிக்குக் கீழே ஊதாச் சாறு கொப்பளித்தது. பங்கஜவல்லிக்குச் சிரிப்பாக வந்தது. அஜீசுன்னிசா தூக்கின் அடியில் ஒட்டியிருந்த ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். மென்றவள் நின்றுவிட்டாள்.

"ஏன் புள்ள, இதுல உப்பு போட்டியா?"

"நாவப்பழத்துக்கு உப்பு போடாம எப்படிக்கா?"

சொல்லி முடித்த பிறகுதான் பங்கஜவல்லிக்குத் திக்கென்றது. நாவல்பழத்தைத் தூக்கில் போட்டால் ஒரு பிடி உப்பைத் தூவி, மூடி, குலுக்க வேண்டியது. பாவாடை கட்டிய நாளிலிருந்து செய்கிறாள். கை தானாகச் செய்யும், புத்தியைக் கேட்காது. ஆடி மாதமும் கை கேட்கவில்லை.

"போச்சுக்கா. நாலாவதும் போச்சு" என்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"அழுதா அதுலயும் உப்புதான் வரும். மூடியத் தொற" என்ற அஜீசுன்னிசா, சீனி டப்பாவில் கையை விட்டு இரண்டு பிடி அள்ளி மாவின்மேல் தூவினாள். "மேல இனிச்சா கீழ என்ன இருக்குன்னு எவன் தோண்டப் போறான்?"

மூன்று மணிக்கு விசாலாட்சி வந்தாள். கூடவே அவள் கணவர் அமிர்தலிங்கம், கக்கத்தில் கோணியும் கயிறுமாக. பங்கஜவல்லி மூன்று தட்டில் வைத்துக் கொடுத்தாள்.

மேலே சீனி மொறுமொறுவென்று பொன்னிறமாக இறுகியிருந்தது. விசாலாட்சி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

"அண்ணி! மொதல்ல இனிக்குது, அப்பறம் தொவர்க்குது, அடியில சுருக்குன்னு ஒரு உப்பு. பள்ளிக்கூட வாசல்ல வாங்கித் தின்ன மாதிரியே இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா?"

பாயசத்தையே ஒரு டம்ளருக்குமேல் தொடாத தெட்சிணாமூர்த்தி, காலித் தட்டை நீட்டினார். பங்கஜவல்லிக்கு மனசு பூரித்துப் போயிற்று. அந்தப் பூரிப்பு முழுசாக அரை நிமிஷம் இருந்தது.

"இவ்வளவு நல்லா வேவுற பெட்டியா! நான்கூட ஏதோ ஓட்டை ஒடசலத் தலையில கட்டுறாங்கன்னு நெனச்சேன்" என்று விசாலாட்சி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, சூடு ஆறட்டும், அப்பறம் கோணியில சுத்திக் கட்டுங்க."

பண்டம் கெட்டிருந்தால் பெட்டி போயிருக்கும். நன்றாக வந்ததால் கட்டாயம் போகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அமிர்தலிங்கம் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். பங்கஜவல்லிக்கு முதலில் அழுகை வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"அண்ணே, கட்டாதீங்க. அத நான் குடுக்க மாட்டேன்."

அமிர்தலிங்கத்தின் கை நின்றது. விசாலாட்சி அண்ணியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க அண்ணன் எனக்குக் குடுத்தது விசாலாட்சி. நல்லா வந்தாலும் என்னுது, கருகினாலும் என்னுது. உனக்குச் சீரு கடையில வாங்கி ஒங்க அண்ணன் தருவாங்க."

சொல்லிவிட்டு, இடி விழட்டும் என்று நின்றாள். விழவில்லை.

"இத மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணி?" என்றாள் விசாலாட்சி. குரலில் கோபமில்லை, சங்கடம்தான் இருந்தது. "ஒங்களுக்கு வேண்டாம்னு அண்ணன் எழுதியிருந்துச்சு. அதான் வந்தேன். இல்லாட்டி இந்தக் கோணிய ஒருத்தரு பஸ்ஸுல சொமந்துக்கிட்டு வருவாரா?"

பங்கஜவல்லி கணவர் பக்கம் திரும்பினாள். "நான் எப்பங்க வேண்டாம்னு சொன்னேன்?"

தெட்சிணாமூர்த்தி வாயிலிருந்ததை மெல்ல விழுங்கினார். உண்மையாகவே யோசித்துப் பார்த்தார்.

"வேணும்னும் நீ ஒருநாளும் சொல்லலியே" என்றார்.

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே தெரிந்திருக்கவில்லை. எட்டு வருஷமாக மோர் ஊற்றிய கையைத்தான் அவர் பார்த்திருக்கிறார். பங்கஜவல்லிக்கு அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி தன்மேல் திரும்பியது.

"இப்ப சொல்றேன்" என்றாள். "வேணும்."