பேனலுக்குச் சொல்லும் முகவரி

அடுத்த தீபாவளிக்குள் இந்த நாட்டில் சூரியன் உதிக்க வேண்டுமென்றால் நம் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் உதிக்க வேண்டியிருக்கும் என்று ஷ்யாம்சுந்தர் கேன்டீனில் அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை. தாம்பரம் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த சோலார் தொழிற்சாலை அது. கப்பலில் வந்து இறங்கிய மலிவு பேனல்களோடு போட்டி போட முடியாமல் மூடப்பட்டு, பல வருடம் புறாக்கள் மட்டும் ஷிப்டு பார்த்த இடம். இப்போது திறந்து, பேனலுக்குள் வைக்கும் செல்லைக்கூட இங்கேயே செய்யத் தொடங்கியிருந்தார்கள். சொந்த செல் வைத்த பேனல்களின் முதல் லாட் ஆய்வில் தேறாவிட்டால் பழையபடி கப்பலில் வரும் செல்லுக்கே போய்விடலாம், செல் லைன்காரர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று எம்.டி. சொல்லியிருந்தார். லாட்டைத் தேற்ற வேண்டியவன் சோதனைப் பிரிவுத் தலைவன் ஷ்யாம். தேறாவிட்டால் அவனும் வீட்டுக்குத்தான்.

சோதனை இருட்டறையில் நடக்கும். பேனலுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிரும். கேமரா அதைப் பிடித்துத் திரையில் காட்டும். பழுதுள்ள இடம் கறுப்பாக விழும். ஆபரேட்டர் ஜான்சிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஸ்விட்சைப் போடுமுன் பேனலின் மேல் குனிந்து, அது போகப்போகும் இடத்தைச் சொல்வாள். சாம்பிளுக்குச் செய்தவற்றுக்கெல்லாம் அப்படித்தான் சொன்னாள்: சிறுசேரி ஆபீஸ் மாடி, கோவளம் ஐஸ் பேக்டரி கூரை. எல்லாம் பழுதில்லாமல் தேறின.

"கப்பல்ல வந்ததுக்கெல்லாம் யாருங்க ரூட் சொன்னா?" என்றான் ஷ்யாம்.

"தூங்கிகினு கீறதை எழுப்புறோம் சார். எங்க போறோம்னு தெரியாம முழிச்சா யாரா இருந்தாலும் பேஜாராயிடும்."

அடுத்து பேனலுக்கு பஸ் பாஸ் கேட்பீர்களா என்று முகம் மாறாமல் விசாரித்துவிட்டு, நேரம் வீணாகிறது என்று அவளை பேக்கிங்குக்கு மாற்றினான். லாட்டைத் தானே சோதிக்க உட்கார்ந்தான்.

முதல் பேனலின் கீழ் ஓரத்தில் கட்டைவிரல் அளவு கறுப்பு. அடுத்ததில் அதே இடத்தில் கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்ததில் அந்தக் கறுப்புக்குத் தோள்கள் இருந்தன. லென்ஸைத் துடைத்தான், கேபிளை மாற்றினான், கடைசியில் கேமராவையே மாற்றினான். கப்பலில் வந்த பழைய பேனல் ஒன்றை வைத்துப் பார்த்தான், பளிச்சென்று இருந்தது. சொந்த பேனல்களில் மட்டும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, யாரோ தூரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் தலை தெரிந்துவிட்டது. அது குனிந்திருந்தது. இன்னும் சில பேனல்களில் நிமிரும் என்று அவனுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை லாட்டைப் பார்க்க ஆய்வாளர் வருகிறார். ஷ்யாம் பேக்கிங்குக்குப் போய், அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டிருந்த ஜான்சியிடம் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னான். அவள் நிமிரவில்லை.

"இந்த லாட்டு எங்க போவுது சார்?"

இன்னும் யாரும் வாங்கவில்லை.

"அப்ப நான் இன்னானு சொல்றது? பொய் சொன்னா அதுக்குத் தெரியும். தர்றதுக்கு எடம் கீதுன்னா நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். இருட்டறைக் கதவைத் தாழிட்டு, உள்ளே யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். இல்லாதது நிம்மதியாக இல்லை. மேசையில் பேனலை வைத்துக் குனிந்தான். கண்ணாடி குளிர்ந்திருந்தது.

"சேலையூர்," என்றான், கடன் கேட்கும் குரலில். "எங்க வீட்டு மாடி."

ஸ்விட்சைப் போட்டான். திரை முழுக்க வெள்ளை. கறுப்பு எங்குமே இல்லை. அவன் மூச்சு விடும்போது பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அம்மா.

"சோலார் மாட்ட யாரையாவது அனுப்பினியாடா? மாடியில ஒருத்தன் நிக்கறான். கூப்ட்டா தலையைக் குனிஞ்சுண்டே நிக்கறான்."

"கதவைச் சாத்திட்டு உள்ள இரும்மா. வரேன்."

போனை வைத்தான். தேறாத பேனல்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவன் கை கதவுத் தாழ்ப்பாள் வரை போய்த் திரும்பியது. குரோம்பேட்டையில் மாமா வீடு இருக்கிறது. காட்டாங்குளத்தூரில் கூடப் படித்தவனின் பிளாட். அடுத்த பேனலை மேசைக்கு இழுத்தான். குனிந்த இடத்தில் அவன் மூச்சு பட்டுக் கண்ணாடி வட்டமாக மங்கியது. உதடுகள் அசைய அசைய, வட்டம் பெரிதாகிக்கொண்டிருந்தது.