டொச் வகுப்புக் கதிரைகள்

மீனாம்பிகை ரீச்சர் ஜேர்மனியில் கனகாலம் இருந்துவிட்டு வந்து நல்லூரில் டொச் என்கிற ஜேர்மன் மொழி வகுப்பு வைத்திருந்தார். வெளிநாட்டிலிருக்கும் புருஷன்மாரிடம் போகக் காத்திருக்கும் பெண்கள்தான் மாணவிகள். கதிரைகளை அரைவட்டமாகப் போடுவித்தார். முகம் பார்த்துக் கதைத்தால்தான் மொழி வாயில் ஏறும் என்பது அவர் கட்சி.

குருநகர் லவீனாவுக்கு அது வயிற்றில் பால் வார்த்தது. போன தடவை கொழும்பில் அவள் விசாவுக்கான டொச் பேச்சுச் சோதனையில்தான் கோட்டைவிட்டாள். நாலு பேர் ஒரு மேசையில் இருந்து ஒருவரையொருவர் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். அந்நிய முகங்களைக் கண்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. இந்த முறையும் விழுந்தால் புருஷன் லெனாட்டிடம் போவது இன்னும் தள்ளிப்போகும். பிள்ளை தகப்பனைப் போனில் மட்டும் கண்டு வளர்கிறது.

முதல் நாள் பக்கத்தில் இருந்த நிவேதனா நல்லாகத்தான் ஒட்டிக்கொண்டாள். "அக்கா, நாங்கள் ரெண்டுபேரும் சோடி" என்று தன் தண்ணீர்ப் போத்தலையும் நீட்டினாள். பிறகு பாடம் தொடங்கியது. எந்த மொழியிலும் முதல் பாடம் ஒன்றுதானே: பெயர் என்ன, எங்கே இருக்கிறீர்கள், வீட்டில் என்ன தொழில். யாழ்ப்பாணத்தில் சாதி அறிய அதைத் தமிழில் கேட்பவர்கள் கொஞ்சம் சுற்றி வளைப்பார்கள். டொச்சில் நேரே கேட்டார்கள். லவீனாவும் பிழையில்லாமல் சொன்னாள்: குருநகர், தகப்பன் கடலுக்குப் போகிறவர். ரீச்சர் கைதட்டினார்.

அடுத்த வகுப்பில் அவளுக்கு இரண்டு பக்கமும் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஃபான் காற்று தலையிடி தருகிறதென்று நிவேதனா அரைவட்டத்தின் மற்றத் தொங்கலுக்குப் போயிருந்தாள். லவீனாவின் மற்றப் பக்கத்தில் இருந்தவளுக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம்.

வகுப்பு முடிய ரீச்சர் அவளை மறித்தார்.

"லவீனா, இனி வரிசையாய்ப் போடப்போறன். நீர் முன்னுக்கு, என்ரை மேசைக்குப் பக்கத்திலை இரும். உமக்குத்தான் நல்லது."

"வரிசையிலை ஆரோடை ரீச்சர் கதைக்கிறது?"

"என்னோடை கதையுமன்."

"சோதனைக்கு நீங்கள் வரமாட்டியள். அங்கை எல்லாரும் ஒரு மேசையிலைதானே இருக்கினம்."

"அது கொழும்பு, பிள்ளை. இஞ்சை நான் வகுப்பு நடத்தவேணும். ரெண்டுபேர் வகுப்பை விடப்போறம் எண்டு சொல்லிப்போட்டினம்."

"நிவேதனாவோ?"

ரீச்சர் எழுதாத பலகையை அழித்தார். "நான் உதெல்லாம் பாக்கிறவள் இல்லை."

"ஓம் ரீச்சர். நீங்கள் கதிரையைத்தான் பாக்கிறியள்."

மறுவகுப்பில் வரிசை ஒழுங்காக இருந்தது. லவீனா தன் கதிரையைத் தூக்கி, வரிசைகளைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு இருந்தாள். ரீச்சர் அதைப் பார்த்தும் பாடத்தைத் தொடங்கினார். லவீனா ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்: பெயர், ஊர், சாப்பிட விருப்பமானது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது வகுப்புச் சட்டம், சொன்னார்கள். நிவேதனா யன்னலைப் பார்த்துச் சொன்னாள். பதில் சொன்னவள் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதும் சட்டந்தான். அதை ஒருத்தியும் செய்யவில்லை. ரீச்சரும் நினைவூட்டவில்லை.

சோதனை வரை அப்படியே போனது. கேள்வி கேட்பதில் லவீனா வகுப்பிலேயே கெட்டிக்காரியாகிவிட்டாள். கேட்கிற முகத்துக்குப் பதில் சொல்லிப் பழகாமலே கொழும்புக்குப் பஸ் ஏறினாள்.