ஊர் பிடித்திருக்கிறது

நாற்பத்தைந்து வயதிலும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணிக்கும் சொந்தக்காரர்களுக்கும், ஏன், வீட்டுக்குக் கீழே ரொட்டிக் கடை வைத்திருந்தவருக்கும்கூட அவள் பாப்பா ஆகிப்போனாள். வேலை பார்த்த பார்லரில் மட்டும் சீனியர் என்பார்கள். பழைய முதலாளி கடையைக் கைமாற்றிவிட்டுப் போன பிறகு அந்தப் பெயருக்கும் மரியாதை போய்விட்டது. புதிதாக வந்தவர் முன்வரிசை நாற்காலிகளில் இளம்பெண்களை நிறுத்தினார். முடி வெட்டுவதில் பேர் எடுத்தவளைத் தலை அலசும் தொட்டிப் பக்கம் அனுப்பிவிட்டார்.

தொட்டிக்குப் போனதில் ஒரு தொல்லை. தலை அலசும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர்கள், அலசுகிறவளுக்குக் காது இருப்பதை மறந்துவிடுவார்கள். "இவங்கதான் புருஷனை விட்டுட்டு வந்தவங்க" என்று பழைய வாடிக்கையாளர் புது வாடிக்கையாளரிடம் சொல்வது நுரையைத் தாண்டி நன்றாகவே கேட்கும். அவள் பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஊருக்கு மட்டும் அது நேற்று நடந்ததுதான்.

அம்மா இருந்தவரை இதெல்லாம் உறைக்கவில்லை. ரொட்டிக் கடை மாடியில் இருந்த இரண்டு அறை வீட்டில் இருவரும் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். போன வருடம் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து அண்ணன் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டான். அவன் இருந்தது நாட்டின் மறுகோடியில். ரயிலில் ஏறினால் இரண்டு ராத்திரி கழித்துத்தான் இறங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு ஊரையும் தராசில் வைத்து நிறுப்பான்.

"இங்க ரோடு எவ்வளவு அகலம் தெரியுமா பாப்பா? காத்து சுத்தம். குழாயைத் திறந்தா தண்ணி. அங்க மழை பெஞ்சா முட்டி வரைக்கும் தண்ணி, பெய்யலைன்னா குடத்தைத் தூக்கிட்டு ஓட்டம். அந்த ஊர்ல உனக்கு இன்னும் என்னதான் இருக்கு?"

"கடல் இருக்கு."

"கடலை வச்சு என்ன பண்ணப்போற? துணி துவைக்கப்போறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் அவள் கடல் பக்கம் போயே வெகுகாலம் ஆகியிருந்தது.

"சரி, வந்து பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அண்ணனுக்கு "வந்து" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. அவள் ரயில் ஏறுவதற்குள், தங்கச்சி இங்கேயே வந்துவிடப் போகிறாள் என்று அவனுடைய அலுவலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் சொன்னதில் பொய் இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததுமே வானம் பெரிதாகத் தெரிந்தது. வண்டிகள் ஹாரன் அடிக்காமல் போயின. குளிர்காற்று வறண்டு அடித்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு உதடு வெடித்துவிட்டது. அண்ணி வாசலிலேயே கட்டிக்கொண்டாள்.

"நீ வந்துட்ட. இனிமே எனக்கு யானை பலம்" என்றாள்.

அண்ணி ஒரு மருந்துக் கம்பெனியில் மேனேஜர். காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவாள். அண்ணனும் அப்படியே. ஒரே மகள், ஏழாம் வகுப்பு. பாப்பாவுக்காகச் சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையைத் தயார் செய்திருந்தார்கள். கட்டிலில் புது விரிப்பு, ஜன்னலுக்குப் புதுத் திரை. ஒரு மூலையில் இஸ்திரி மேஜை நின்றது.

"அது அங்கேயே இருக்கட்டும்னு விட்டேன். உனக்கும் வசதியா இருக்கும்" என்றாள் அண்ணி.

என்ன வசதி என்று பாப்பாவுக்கு அப்போது புரியவில்லை. மறுநாள் காலையில் புரிந்தது. அண்ணனும் அண்ணியும் கிளம்பிப் போன பிறகு வீட்டு வேலை செய்கிற அம்மா வந்தார். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"நீங்க இனிமே இங்கதானே? மாசக் கடைசியோட நான் நின்னுக்கலாம்னு மேடம் சொல்லிட்டாங்க. நான் வேற வீடு பாத்துட்டேன்மா. அதைப் பத்திக் கவலைப்படாதீங்க."

பாப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள்.

"உங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? நீங்க வீட்டு ஆளாச்சே" என்றார் அந்த அம்மா.

அவர் குத்திக்காட்டவில்லை. இயல்பாகத்தான் சொன்னார். பாப்பாவுக்கு அந்த வீட்டில் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டாள்.

கோபத்தில் நடந்தால் அவளுக்கு வழி தெரியாது, தலைகள்தான் தெரியும். அவள் தொழில் அப்படி. அவள் ஊரில் ஈரக்காற்றில் எல்லோருடைய முடியும் சுருண்டு பம்மிக்கொண்டிருக்கும். இங்கே வறட்சியில் நுனியெல்லாம் பிளந்து, சீப்பு வைத்தால் எழுந்து நிற்கும் போலிருந்தது. முகத்துக்குப் பொருந்தாத வெட்டுகளை எண்ணிக்கொண்டே போனவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு சின்ன பார்லர் வாசலில் நின்றாள். உள்ளே ஒரே களேபரம்.

இரண்டு நாற்காலிதான். ஒன்றில் ஒரு பஸ் கண்டக்டர் பெண், காக்கிச் சட்டையோடு, பாதி வெட்டிய தலையுடன் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி எடுத்துடுவாங்க. இப்படியே போய் டிக்கெட் கிழிக்கவா?" எதிரே அறுபதை நெருங்கும் ஒரு பெண், வலது மணிக்கட்டில் கட்டோடு, இடது கையில் கத்தரியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தாள். அவள்தான் கடைக்காரி. சுருள்சுருளான முடி, தெருவே அவளைச் சுருட்டை அக்கா என்றுதான் கூப்பிட்டது.

"அக்கா, நான் முடிச்சுத் தரட்டுமா?" என்று வாசலில் இருந்தே கேட்டாள் பாப்பா.

சுருட்டை அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கத்தரி பிடிப்பியா?"

"சின்ன வயசுலேருந்து."

"அப்போ பேசிட்டு நிக்காத, வா."

கண்டக்டர் பெண்ணின் தலையை நிமிர்த்திப் பிடித்தபோது பாப்பாவுக்கு விரல்கள் தாமாக ஓடின. தொட்டிப் பக்கம் போன பிறகு அவள் ஒரு முழுத் தலையைக்கூட வெட்டியிருக்கவில்லை. கண்டக்டர் பெண் கண்ணாடியில் பார்த்தபடி, "முன்னாடி இன்னும் கொஞ்சம் எடுங்க, கண்ணுல விழுது" என்றாள். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பெண், வீட்டுக்காரர் என்ன செய்கிறார், ஒன்றுமே இல்லை. முடிந்ததும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே!" என்று சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினாள்.

அவள் போன பிறகும் பாப்பா கத்தரியைக் கீழே வைக்கவில்லை. இந்த ஊருக்கு அவளைத் தெரியாது. அந்த நினைப்பு குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி உள்ளே இறங்கியது.

அதற்குப் பிறகு தினமும் அந்தக் கடைக்குப் போனாள். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறாள் என்று அண்ணன் நினைத்துக்கொண்டான். அந்த வாரக் கடைசியில் சுருட்டை அக்காவே பேச்சை எடுத்தாள்.

"கட்டு பிரிச்சாலும் இந்தக் கை பழைய மாதிரி வராதாம். ஒரு நாற்காலி உனக்கு, ஒண்ணு எனக்கு. மேல ஒரு ரூம் பூட்டியே கிடக்கு. ஒட்டடை அடிச்சுக்கோ. ஆனா ஒண்ணு, எனக்குக் கோபம் வந்தா கெட்ட வார்த்தை பேசுவேன்."

"எனக்கும் கொஞ்சம் தெரியும் அக்கா" என்றாள் பாப்பா.

அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் அண்ணன் உற்சாகமாக இருந்தான். "அப்புறம் பாப்பா, ஊர் எப்படி? பிடிச்சுதா இல்லையா?"

"பிடிச்சிருக்கு."

"நான்தான் சொன்னேன்ல!" என்று அண்ணியைப் பார்த்துச் சிரித்தான்.

"ஊர் பிடிச்சிருக்கு அண்ணா. நான் வர்றேன். ஆனா இந்த வீட்டுக்கு இல்ல." பஸ் ஸ்டாண்ட் எதிரே இருக்கும் பார்லரையும் மாடி அறையையும் சொன்னாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. "கூடப் பிறந்தவன் வீடு இருக்கும்போது கடை மாடியில போய்த் தங்குவியா? ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர்? இந்த ஊருக்கு என்னை யாருன்னே தெரியாது. அந்த ஊர் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சாச்சு."

"தனியா இருக்கிறதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்? அங்கேயே கிடக்கலாமே."

"அங்க நான் விட்டுட்டு வந்தவ. இங்க உன் வீட்ல இருந்தா வீட்டோட இருக்கிறவ. பஸ் ஸ்டாண்டுக்கிட்ட நான் முடி வெட்டுறவ. எனக்கு அதுதான் வேணும்."

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "உன்னை வேலைக்காரியாவா நெனைச்சேன் நான்? புது விரிப்பு வாங்கி, திரை தைச்சு…"

"இல்ல அண்ணி. நீங்க அப்படி நெனைக்கவே இல்ல. வேலை செய்ற அம்மாவை நிறுத்தும்போதுகூட என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உங்களுக்குத் தோணல. அதுதான் எனக்கு வலிச்சுது."

மகள் தலையைத் தூக்கி, "அத்தை, அப்போ எனக்கு அங்க ஃப்ரீயா வெட்டுவீங்களா?" என்று கேட்டு அப்பாவிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டாள்.

அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அந்த வாசலை மிதிச்சா, இந்த வாசலை மறந்துடு."

அழுகை வந்துவிடும் என்று பாப்பா பயந்தாள். அழுதால் ஜெயித்துவிடுவான். தட்டில் இருந்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து சொன்னாள்:

"மறக்க மாட்டேன் அண்ணா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வருவேன். திறக்கிறதும் திறக்காததும் உன் இஷ்டம்."

வீட்டைக் காலி செய்யப் பழைய ஊருக்குத் திரும்பியபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. அவள் வேறு ஊரில் கடையில் சேரப்போகிறாள் என்று கேள்விப்பட்ட முதலாளி, கத்தரிகளை எடுக்க அவள் பார்லருக்குப் போன அன்று, தொட்டிப் பக்கம் தானே வந்து நின்றார்.

"சீனியர், உங்களுக்கு முன்னாடி நாற்காலி வேணும்னா வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே? நாளையிலேருந்து எடுத்துக்கோங்க."

"கேட்டேன் சார். ரெண்டு தடவை. நீங்க போன் பேசிட்டு இருந்தீங்க."

தன் கத்தரிகளை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ரொட்டிக் கடைக்காரர் சாமான்களை இறக்க ஆள் பிடித்துக் கொடுத்தார். அவர் ஒருவரைப் பிரிவதுதான் கஷ்டமாக இருந்தது. கடலுக்குப் போய்விட்டு வரலாம் என்று நினைத்தாள். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

புது ஊரில் இறங்கியபோது அண்ணன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. சொன்னபடியே முதல் ஞாயிற்றுக்கிழமை போய் மணி அடித்தாள். மகள் கதவைத் திறந்தாள். அண்ணன் அறைக்குள் போய்விட்டான். அடுத்த வாரமும் அப்படித்தான். அவள் போவதை நிறுத்தவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அவன் அறைக் கதவைப் பார்த்து, "வர்றேன் அண்ணா" என்று உரக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். திரும்பும் வழியில் பஸ்ஸில் கண் கலங்கும். மறுநாள் காலையில் கடை திறந்துவிடும். வாசலில் ஆள் நிற்கும்.

ஒரு வேலைநாள் மத்தியானம் அண்ணி வந்தாள். அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காத்திருந்தவர்களைத் தாண்டி, அப்போதுதான் காலியான நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். இடுப்பு வரை முடி.

"எவ்வளவு எடுக்கட்டும் அண்ணி?"

"கழுத்து வரைக்கும்."

"கழுத்து வரைக்குமா? அண்ணா சத்தம் போடுவானே."

"போடட்டும். தினமும் விடிகாலையில எழுந்து இதைக் காய வைக்கிறது அவரா?" கண்ணாடியில் பாப்பாவைப் பார்த்தாள். "வேலை செய்ற அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணீங்க."

"பேசிட்டு நிக்காதம்மா, மூணு பேர் காத்திருக்காங்க" என்று அடுத்த நாற்காலியிலிருந்து சுருட்டை அக்கா அதட்டினாள்.

பாப்பா அண்ணியின் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள். முடியை ஒரே பிடியாக அள்ளி, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, "அசையாதீங்க" என்றாள்.